பிஸ்கெட் டப்பாவில் ஆறு ஃப்ளாப்பி

மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள் நின்றிருந்தன. அதனால் பிரிஜெட் வாசல் பக்கத்து மாமரத்தடிக்கே போய் நின்றுகொண்டாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள். பைக்குள் ஒரு பிஸ்கெட் டப்பா. டப்பாவுக்குள், பழைய கர்ச்சீப் ஒன்றில் சுற்றி, ஆறு ஃப்ளாப்பி.

ஆர்க்கெஸ்ட்ரா நடத்தும் டொமினிக்கின் கீபோர்டுக்கு உயிர் அந்த ஆறு ஃப்ளாப்பியில் இருந்தது. இருபத்திரண்டு வருடக் கல்யாணப் பாட்டுகளின் தாளம், இடையிசை, பிரிஜெட்டின் சுதிக்கு ஏற்ப மாற்றிய ஸ்கேல் எல்லாம் அதில்தான். 1997இல் ஸ்ரீராம்புரத்தில் ஒரு ரிசப்ஷனில் யாரோ ஒரு ஃப்ளாப்பியை ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டார்கள். பத்து நிமிடம்தான். ஸ்பீக்கருக்குள் இருக்கிற காந்தம் அத்தனையையும் துடைத்துவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலம் உள்ளே வரும்போது கீபோர்டு ஊமையாக இருந்தது. அன்று டொமினிக் சமையல் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதான். அதன் பிறகு ஃப்ளாப்பிகளைக் காப்பது பிரிஜெட்டின் பொறுப்பு. ‘காப்பி எடுத்து வெச்சுக்கோயேன்’ என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ‘காப்பி இருந்தா திருடுவானுங்க’ என்றுவிட்டான். கீபோர்டின் சின்னத் திரைமேல் கருப்பு பிளாஸ்திரி ஒட்டி வைத்திருப்பவன் அவன். எந்த நம்பர் ஒலியை வாசிக்கிறான் என்று பக்கத்து ஆர்க்கெஸ்ட்ராக்காரன் எட்டிப் பார்த்துவிடக் கூடாது.

இன்று வந்திருந்த கூட்டத்துக்கு அந்த பிளாஸ்திரிதான் அழகாகத் தெரிந்தது. ரெசிடென்சி ரோடு பக்கத்தில் ஒரு பழைய பங்களா. அதன் முற்றத்தில் ஐந்நூறு இளசுகள். கண்ணாடித் துண்டு ஒட்டிய உருண்டை ஒன்று மரக்கிளையில் தொங்கிச் சுழன்றது. நுழைவுச்சீட்டை ஆடியோ கேசட் வடிவத்தில் அச்சடித்திருந்தார்கள். 2006இல் இருந்துகொண்டு 1985ஐ விளையாடிப் பார்க்கும் ராத்திரி. எலக்ட்ரானிக் தாளம், பழைய கீபோர்டுகளின் டொங்கு ஒலி, அதன்மேல் புதுப் பாட்டு. வந்தவர்கள் அப்பா அம்மாவின் பழைய சட்டைகளை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பிரிஜெட் கட்டியிருந்த சமிக்கி வைத்த நீலச் சேலை மட்டும் நிஜமாகவே 1985இல் வாங்கியது.

பிரிஜெட்டுக்கு நாற்பத்து நான்கு வயது. ஃப்ரேசர் டவுனில் ஒரு காம்பவுண்டுக்குள் அவுட் ஹவுஸில் தனியாக இருந்தாள். பகலில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடும் வேலை. யார் பெயரானாலும் பிசகாமல் கூப்பிடுவாள். சனி ஞாயிறில் டொமினிக்கின் ஆர்க்கெஸ்ட்ராவில் பாட்டு. அங்கே அவளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. சென்னையின் பெரிய பாடகி ஒருவரின் பெயருக்கு முன்னால் ‘பெங்களூர்’ சேர்த்து அறிவிப்பார்கள். எல்லா ஆர்க்கெஸ்ட்ராவிலும் அதுதான் வழக்கம். அந்தப் பாடகி மாதிரியே மூக்கில் லேசாக அழுத்திப் பாடினால் கைத்தட்டல். தன் குரலில் பாடினால், ‘என்னாச்சு மா, ஜலதோஷமா?’

டொமினிக்கை அவளுக்கு சர்ச் கொயர் காலத்திலிருந்து தெரியும். அவளைவிட ஐந்து வயது பெரியவன். கல்யாணமாகி ஸ்ரீராம்புரத்தில் மாமனார் வீட்டு மாடியில் இருந்தான். இரண்டு பேருக்கும் நீ, வா, போ தான். அவள் வாழ்க்கையில் நடந்த பெரிய விஷயம் அவன் கண் முன்னால் நடந்தது.

1991 டிசம்பர். காவிரித் தண்ணீருக்காக ஊரில் கலவரம். தமிழ்ப் பாட்டு கேட்ட வீட்டில் கல் விழுந்த வாரம் அது. ஆர்க்கெஸ்ட்ராவின் ஆண் குரல் சுந்தரம். அவனுக்கும் பிரிஜெட்டுக்கும் ஈஸ்டர் முடிந்து கல்யாணம் என்று பேசி வைத்திருந்தது. சாயங்காலம் டொமினிக்கின் ஸ்கூட்டரில் வந்து காம்பவுண்டு கேட்டில் இறங்கினான். திருப்பத்தூரில் மாமா வீட்டுக்குப் போகிறேன், ஊர் அடங்கியதும் வருகிறேன் என்றான். ராத்திரி பகல் எந்நேரம் வருவேனோ தெரியாது.

‘கேட்டைத் தாப்பா போடாதே. பத்து நாள்ல வந்துருவேன்.’

‘நாய் உள்ள வருமே.’

‘நாய் வந்தாலும் போடாதே.’

அவள் போடவில்லை. பத்து நாள், ஒரு மாதம், மழைக்காலம், அடுத்த கிறிஸ்துமஸ். தெரு நாய்கள் காம்பவுண்டுக்குள் குட்டி போட்டன. பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். ஒரு வருடம் கழித்து, சுந்தரம் திருப்பத்தூரில் மாமா பெண்ணைக் கட்டிக்கொண்டு கேசட் கடை வைத்திருக்கிறான் என்று செய்தி வந்தது. அன்று ராத்திரி தாழ்ப்பாளைப் போட்டாள். துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைக் கொண்டு வந்தவனும் டொமினிக்தான். கேட்டைத் திறந்து வைத்திருந்த காரணம் வேறு யாருக்கும் தெரியாது.

ஹரிஷ்குமார் அவர்களைத் தேடி வந்தது இந்த வருடம் பிப்ரவரியில். கரூர்க்காரப் பையன், எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை, வயது இருபத்தாறு. பழைய கீபோர்டு யாரிடம் இருக்கிறது என்று ஊரெல்லாம் விசாரித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் டொமினிக்கைப் பிடித்தான். பிளாஸ்திரி ஒட்டிய அந்தக் கீபோர்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

‘அண்ணா, இந்த சவுண்டுக்கு நாங்க என்னென்னமோ சாஃப்ட்வேர் போட்டு மண்டைய உடைச்சுக்கறோங்க. நீங்க பட்டனை அமுக்கறீங்க, வருது!’

‘பட்டன் இல்ல தம்பி. வெரலு’ என்றான் டொமினிக்.

பிடிஎம் லேஅவுட்டில் ஹரிஷ் வாடகைக்கு இருந்த ஃப்ளாட்டில் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைத்து ரிக்கார்டிங். அவனுடைய பேண்டில் பாடுகிற பெண் அதிதி. மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், ஏதோ விளம்பரக் கம்பெனியில் வேலை. அவளுக்கு மெட்டு பிடிபடுவதற்காக பிரிஜெட்டை ஒருமுறை ட்ராக் பாடச் சொன்னார்கள்.

ட்ராக் பாடுவது பிரிஜெட்டுக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. தொண்ணூறுகளில் பக்தி கேசட்டுகளுக்கு நாற்பது ட்ராக் பாடியிருக்கிறாள். பெரிய பாடகி வந்து பாடியதும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். வரிகள் தயாராகாத மெட்டு என்றால் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்ப வேண்டும். அதற்கு டம்மி வார்த்தை என்று பெயர். காய்கறிப் பெயர், பஸ் நம்பர், பல் கிளினிக் டோக்கன் எதுவானாலும் மெட்டில் உட்கார்ந்தால் போதும். ஒரு அம்மன் பாட்டின் மெட்டுக்கு அவள் கத்திரிக்காய் விலையைப் பாடியிருக்கிறாள். எப்படியும் அழிந்து போவதுதானே.

ஹரிஷ் மெட்டை முனகிக் காட்டினான். டொமினிக் கீபோர்டைத் தட்டினான். பிரிஜெட் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். வாய்க்கு வந்தது இது:

கேட்டைத் தாப்பா போடாதே
பத்தே நாளில் வந்துருவேன்
மழை வந்தாலும் போடாதே
நாய் வந்தாலும் போடாதே

யாரையும் மாதிரி பாடவில்லை. அழியப்போகிற குரலுக்கு எதற்கு மூக்கு? முடித்ததும் கண்ணைத் திறந்தாள். டொமினிக் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

‘அக்கா’ என்றான் ஹரிஷ். ‘இதை அழிக்க முடியாதுங்க்கா. இதுதான் பாட்டு.’

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் டொமினிக் சொன்னான்: ‘ஷோல கடைசிப் பாட்டு அதான். நீயே நேரா பாடப் போறே. உன் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லிட்டேன்.’

‘எந்தப் பேரு?’

‘பிரிஜெட்டுனுதான் மா. உனக்கு எத்தினி பேரு?’

சிக்னலில் நின்றபோது அவள் அவன் தோளைத் தட்டினாள். ‘டொமினிக், அது சுந்தரம் சொன்ன வார்த்தைனு யார்ட்டயும் சொல்லிடாதே.’

‘நான் ஏன் சொல்றேன்?’

மூன்று மாதம் அவள் அதை நினைத்துக்கொண்டே டோக்கன் கூப்பிட்டாள். ஐந்நூறு பேருக்கு முன்னால் யாரோ ‘பிரிஜெட்’ என்று கூப்பிடுவார்கள். அவள் எழுந்து போவாள். தன் பாட்டை, தன் குரலில், தன் பெயரில். பல் டாக்டரிடம்கூடச் சொல்லிவிட்டாள். ‘அடடே, சொல்லவே இல்லையே!’ என்று அவர் அரை நாள் லீவு கொடுத்தார்.

மாமரத்தடியில் அவளைக் கண்டுபிடித்தது அதிதி. வெள்ளிக் கலர் ஜாக்கெட், கண்ணைச் சுற்றி நீலப் பூச்சு. கையில் அன்றைக்கு வெளியிட்ட சிடி.

‘ஆண்ட்டி! இங்கே என்ன பண்ணிண்டிருக்கேள்? உள்ளே வாங்கோ. சேலை சூப்பர், அய்யோ! இந்தாங்கோ, உங்க காப்பி.’

பிரிஜெட் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அட்டையில் ஒரு பச்சைக் கேட் படம். பின்பக்கம் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. இசை, ஹரிஷ்குமார். குரல், அதிதி. கடைசிப் பாட்டுக்கு மட்டும் தனியாக ஒரு வரி: சொற்களும் கதையும், டொமினிக். குரல், டொமினிக் ஆர்க்கெஸ்ட்ரா.

ஒருமுறை படித்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொருமுறை படித்தாள்.

‘கதைன்னா?’

‘அங்கிளோட லவ் ஸ்டோரி! உங்களுக்குத் தெரியாதா? நைன்ட்டி ஒன்ல, கலாட்டா டைம்ல, அந்தப் பொண்ணு ஊரை விட்டுப் போயிட்டாளாமே. கேட்டைத் தாப்பா போடாதேன்னு சொல்லிட்டு. ஒரு வருஷம் அங்கிள் திறந்தே வெச்சிருந்தாராம், பாபம். எனக்குச் சொல்லும்போது அவர் அழுதுட்டார், நானும் அழுதுட்டேன்.’ அதிதி அவள் கையைப் பிடித்தாள். ‘உங்களுக்கு அந்த ஃபீலிங் எப்படி வந்துதுன்னு கேட்டேன். நான்தான் லைன் லைனா சொல்லிக் குடுத்தேன்னார். கிரேட் ஆண்ட்டி, சொல்லிக் குடுத்ததையே அப்படிப் பாடறேளே!’

அந்தப் பெண்ணின் மேல் கோபிக்க ஒன்றுமில்லை. பிரிஜெட் மேடைக்குப் பின்னால் போனாள்.

டொமினிக் தங்கக் கலர் கோட்டில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். சிடியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பார்த்தான், டீயை ஊதினான்.

‘அது சும்மா மா. பசங்க போட்டுக்கறாங்க.’

‘ஒரு வருஷம் கேட்டைத் திறந்து வெச்சிருந்தியாமே நீ.’

‘மெல்லப் பேசு.’

‘அழுதியாமே.’

‘கேளு மா. யார் சொன்ன வார்த்தைனு அந்தப் பையன் விடாமக் கேட்டான். நீதானே சுந்தரம் பேரை எடுக்காதேன்னே? எடுக்கல. உன் மானத்தைக் காப்பாத்தத்தான் என் தலைல போட்டுக்கினேன். ஊர்ல நாலு பேரு, பாவம், அவன் விட்டுட்டுப் போயிட்டான்னு உன்னைப் பாத்தா நல்லா இருக்குமா?’

‘என் பேரு எங்கே?’

‘ட்ராக்குக்கு எவன் பேரு போடுவான்? நீதான் டம்மி வார்த்தைன்னே. உனக்கே அது டம்மி. நான் எடுத்துக்கிட்டா என்ன?’ டீ கிளாஸைக் கீழே வைத்தான். ‘ஞாயித்துக்கிழமை ஒக்கலிபுரத்துல ரிசப்ஷன் இருக்கு. இப்போ மூஞ்சியத் தூக்காதே. கூப்பிடும்போது மேல வா, சிரிச்ச முகமா வா.’

அவன் மேடை ஏறினான். கூட்டம் ‘டாமினிக்! டாமினிக்!’ என்று கத்தியது.

பிரிஜெட் டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கடைசிப் பாட்டின் தாளம் ஆறாவது ஃப்ளாப்பியில் இருந்தது. அது இல்லாமல் எப்படி வாசிப்பான், பார்க்கிறேன் என்று வாசலை நோக்கி நடந்தாள். மாமரத்தைத் தாண்டவில்லை, பின்னால் தாளம் தொடங்கிவிட்டது. டிக் டக், டிக் டக். ஹரிஷின் லேப்டாப்பிலிருந்து வந்தது. ரிக்கார்டிங் அன்றே காப்பி எடுத்திருக்கிறார்கள். எவனுக்கும் காப்பி தராதவன் அதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். அப்புறமும், ‘டப்பாவை மறக்காமக் கொண்டா, ஸ்பீக்கர் பக்கம் போகாதே’ என்று காலையில் போன் செய்திருக்கிறான். அவளும் சாயங்காலம் முழுக்க மரத்தடியில் காவல் நின்றிருக்கிறாள்.

ஹரிஷ் மைக்கில் ஆங்கிலத்தில் பேசினான். இந்தப் பாட்டு நிஜம் என்றான். இந்த ஊரில், தொண்ணூற்றொன்றில், ஒரு மனிதர் தன் காதலிக்காக ஒரு வருடம் கேட்டைப் பூட்டவில்லை, அந்த மனிதர் இதோ என்றான். டொமினிக் தலை குனிந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். கல்யாண மண்டபங்களில் மணப்பெண் விடைபெறும் பாட்டுக்கு அவன் துடைக்கிற அதே துடைப்பு.

பிறகு ரிக்கார்டு செய்த அவள் குரல் கேட்டது. முற்றம் முழுக்க, ஆள் உயர ஸ்பீக்கர்களிலிருந்து, யாருடைய சாயலும் இல்லாத அவள் குரல். இரண்டாவது சுற்றில் கூட்டம் சேர்ந்துகொண்டது. தமிழ் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், எல்லோரும். ‘நாய் வந்தாலும்’ என்ற இடத்தில் நான்கு பையன்கள் குரைத்தார்கள். கூட்டம் சிரித்தது. அடுத்த சுற்றில் ஐம்பது பேர் குரைத்தார்கள்.

‘இப்போ நம்ம கூடப் பாட, ஆர்க்கெஸ்ட்ராலேர்ந்து ஒரு அக்கா!’ என்றான் ஹரிஷ். மூன்று மாதமும் அவளை அவன் அக்கா என்று மட்டும்தான் கூப்பிட்டிருந்தான். மைக்கைத் தாழ்த்தாமலே திரும்பினான். ‘அண்ணா, அக்கா பேரு?’

டொமினிக்குக்கு யோசிக்க நேரம் வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். ‘பெங்களூர்’ என்று தொடங்கி அந்தச் சென்னைப் பாடகியின் பெயரைச் சொன்னான்.

கூப்பிட்டால் மேடை ஏற வேண்டும் என்பது கால்களுக்குத் தெரிந்த சட்டம். கால்கள் போயின. அதிதி மைக்கைக் கையில் கொடுத்தாள். தாளம் ஓடிக்கொண்டிருந்தது. பிரிஜெட் பாடவில்லை. கீபோர்டுக்குப் பின்னால் நின்ற தங்கக் கோட்டைப் பார்த்தாள்.

‘டொமினிக்’ என்றாள் மைக்கில். ‘ஸ்ரீராம்புரத்துல உன் மாமனார் வீட்டு மாடிக்கு ஏது கேட்டு?’

கூட்டம் அவன் பக்கம் திரும்பியது.

‘தெருவுலேர்ந்து நேரா படிக்கட்டு. படிக்கட்டு முடிஞ்சா உன் பெண்டாட்டி. எந்தக் கேட்டை, மேன், நீ ஒரு வருஷம் தொறந்து வெச்சே?’

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள், அவர்களும் சிரித்தார்கள். பாட்டுக்கு நடுவே இப்படி ஒரு நகைச்சுவைத் துண்டு வைப்பது பழைய ஆர்க்கெஸ்ட்ரா வழக்கம் என்று அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டும். ஹரிஷ் குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டொமினிக்கின் முகம் வெளுத்தது. ஆனால் அவன் விரல், கல்யாண மேடைகளில் ஒவ்வொரு ஜோக்குக்கும் போகிற இடத்துக்குத் தானாகப் போனது. அந்த மூலைக் கட்டையை அமுக்கியது.

டொய்ங்ங்.

முற்றமே அதிர்ந்தது. விசில், கைத்தட்டல். ‘ஒன்ஸ் மோர்!’

‘இது என் கேட்டு’ என்றாள் பிரிஜெட். ‘என் வார்த்தை.’

அது யார் காதிலும் விழவில்லை. அதிதி அவளைக் கட்டிக்கொண்டாள். ‘செம டைமிங் ஆண்ட்டி!’ ஹரிஷ் விரலால் சைகை காட்டினான், லேப்டாப் மறுபடி முதல் வரிக்குப் போனது. அவள் மைக்கை ஸ்டாண்டில் மாட்டினாள். ஸ்பீக்கரில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். அவள் வாய் மூடியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மேடையின் இடப்பக்கப் படியில் இறங்கினால் கடைசிப் படியை ஒட்டி ஸ்பீக்கர். பிரிஜெட் அங்கே நின்றாள். கைப்பையைத் திறந்தாள். டப்பாவைத் திறந்தாள். ஆறில் ஒன்றுக்குத்தான் காப்பி இருந்தது. மற்ற ஐந்துக்கு, திருட்டுப் பயத்தில், உலகத்தில் எங்கேயும் காப்பி இல்லை. அந்த ஐந்தில் அவள் சுதியும் இருந்தது, அவளுடைய சனி ஞாயிறுகளும் இருந்தன. அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கர்ச்சீப்பைப் பிரித்தாள். நோயாளிகளின் டோக்கனை மேஜையில் வரிசையாக வைப்பது போல, ஒவ்வொன்றாக, ஸ்பீக்கர் பெட்டியின் கீழ்ப்பக்கம் பெரிய காந்தம் இருக்கிற இடத்தில் ஒட்டி வைத்தாள். அவள் குரலின் அதிர்வில் அவை லேசாக நடுங்கின. பத்து நிமிடம் போதும். இந்தக் கூட்டம் இன்னும் அரை மணி நேரமாவது விடாது.

மேலே டொமினிக் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவன் கண் அவளிடமிருந்து ஸ்பீக்கருக்குப் போனது. கை கீபோர்டில் மாட்டிக்கொண்டிருந்தது. ஐந்நூறு பேர் அவன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவனால் மேடையை விட்டு இறங்க முடியவில்லை.

‘பிரிஜெட்!’ என்றான் அவன். மைக் இல்லாமல், வாயசைவில் மட்டும். ‘பிரிஜெட்!’

அன்று சாயங்காலம் அவள் பெயரை ஒருவர் சொன்னது அப்போது மட்டும்தான்.

அவள் கர்ச்சீப்பை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பின்னால் கூட்டம் குரைத்துக்கொண்டிருந்தது.